டைரக்ட் டெபிட்: வட்டிக்கு ஒரு ஆண்ட் கேட்

மேற்படிப்புக்கு பிரிட்டன் கிளம்புற நண்பர்களுக்கு இந்தப் பாடம். அங்கே சில வங்கிகள் நடப்புக் கணக்குக்கே நல்ல வட்டி தரும், ஆனா நிபந்தனையோட. 2012-ல் சான்டாண்டர் வங்கி கொண்டுவந்த '123' கணக்கையே எடுத்துக்குவோம். அதில் மாசம் 500 பவுண்டாவது உள்ளே வர வேண்டியிருந்தது. இரண்டு டைரக்ட் டெபிட் ஓட வேண்டியிருந்தது. நம்ம ஆண்ட் கேட்தான்: ஒரு இன்புட் 0 ஆனாலும் வட்டி 0.

குழப்பம் இரண்டாவது இன்புட்டில். தானாகப் போகிற பணமெல்லாம் டைரக்ட் டெபிட் இல்லை. வாடகைக்கு "மாசம் இவ்வளவு அனுப்பு" என்று நாமே வங்கியிடம் சொல்லி வைத்தால் அது ஸ்டாண்டிங் ஆர்டர். டைரக்ட் டெபிட்டில் மின்சாரக் கம்பெனியோ மொபைல் கம்பெனியோ, நாம் கொடுத்த அனுமதியை வைத்து பில் தொகையைத் தானே எடுத்துக்கொள்ளும். இங்கே ஈ.எம்.ஐ.க்கு நாச் மேண்டேட் போடுறோமே, அது மாதிரி. கார்டு நம்பர் கொடுத்துக் கட்டுற சந்தா எதுவும் இதில் சேராது. சார்ட் கோடும் கணக்கு எண்ணும் கொடுத்திருக்கணும்.

பில்லெல்லாம் வாடகையிலேயே அடங்கிட்டா? மொபைல் பில் ஒன்று. இன்னொன்றுக்கு ஏதாவது தொண்டு நிறுவனத்துக்கு மாசம் ஓரிரு பவுண்டு டைரக்ட் டெபிட்டில் கொடுப்பது அங்கே பழைய உத்தி. தப்பில்லை.

ஆனா கணக்குப் போட்டுப் பார்க்கணும். 2016 ஜனவரியில் இந்தக் கணக்குக்கு மாதக் கட்டணம் 5 பவுண்டு ஆச்சு. நவம்பரில் வட்டி 1.5 சதவீதம் ஆச்சு. அப்போ வருஷக் கட்டணம் 60 பவுண்டை வட்டியில் எடுக்கவே 4,000 பவுண்டு வருஷம் பூரா கணக்கில் கிடக்க வேண்டியிருந்தது. பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கிறவர்கிட்ட அவ்வளவு ஏது?