சோலைக்கிளிக்குக் குரல் கொடுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத ஆறு பறவைகளை ஊட்டியிலும் கொடைக்கானலிலுமாக நாலே நாளில் பார்த்துவிட்டாய். சந்தோஷம். ஆனால் கொடைக்கானல் சோலைக்கிளியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. புதரடி இருட்டில் திரிகிற பறவை அது. உன் படத்திலோ திறந்த கிளையில், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, நேராக லென்ஸை முறைக்கிறது. தானாக வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. போனில் அதன் பாட்டைப் போட்டிருக்கிறாய்.

திட்டவில்லை, நானும் செய்தவன்தான். பல வருஷத்துக்கு முன்பு ஓர் ஏப்ரலில், இதே பறவையின் பாட்டை டேப்பில் ஓடவிட்டேன். வந்தது, அலகில் புழுவோடு. இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. புழுவை விழுங்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. பக்கத்தில் ஏதோ பொந்தில் குஞ்சுகள் காத்திருக்கின்றன என்பது எனக்கு உறைக்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றோடு டேப்பை விட்டேன்.

இன்னொன்று. ஊட்டியில் பார்த்த சோலைக்கிளியும் கொடைக்கானலில் பார்த்ததும் ஒரே பறவை என்று எழுதியிருக்கிறாய். இல்லை. நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த உச்சிக்குப் பழகியது அந்தத் தாழ்நிலச் சூட்டைக் கடந்து போகாது. நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு. இங்கே பழனிமலையில் அந்த இடம் சாம்பல் நீலம். சிரிப்பான் பறவைகளும் இப்படித்தான் கணவாய்க்கு இருபுறமும் பிரிந்தவை. 2017-இல் மரபணுவைப் பார்த்துச் சோலைக்கிளிகளுக்கென்றே ‘ஷோலிகோலா’ என்று தனிப் பேரினம் வைத்தார்கள். நம் சோலை அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது! ‘கிளி’ மட்டும் மலையாள வழக்கு, அங்கே சிறு பறவையும் கிளிதான். நம்மவர்கள் பச்சைக்கிளியைத் தேடுவார்கள்.

உன் ஆறு பறவைகளில் நீலகிரி நெட்டைக்காலி இல்லை. ஏன் தெரியுமா? சோலைக்குள்ளேயே சுற்றியிருக்கிறாய், புல்வெளிக்குப் போகவில்லை. மலையுச்சிப் புல்வெளிதான் அதற்கு வீடு. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் அந்த வீட்டை மூடிக்கொண்டே வருகிறது. மரம் இருந்தால் அது காடு என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது, பறவையைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

அடுத்த தடவை ஆறு பறவை வேண்டாம், ஒரு சோலை போதும். விடிவதற்கு முன்பே ஓடையோரம் போய் அசையாமல் உட்கார். சருகு புரளும் சத்தம் முதலில் கேட்கும், பறவை பிறகுதான். சில நாள் வராமலே போகும். கூடு தட்டுப்பட்டால் உடனே விலகிவிடு; இடத்தை இணையத்தில் ஏற்றாதே, நெருங்கின நண்பனுக்கும் சொல்லாதே.

மே மாதம் வா, சேர்ந்தே போகலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள். போனில் இருக்கிற அந்தப் பாட்டை அழித்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்