உலக முடிவு: அச்சமா, நம்பிக்கையா?



திருவழிபாட்டு ஆண்டின் இறுதி வாரங்களில் உலக முடிவைப் பற்றிய வாசகங்களைத் திருப்பலியில் கேட்கிறோம். அதே பொருளைத் திரைப்படங்களும் காட்டுகின்றன. அவற்றைப் பார்த்த பிள்ளைகள், “உலகம் அழியப் போகிறதா?” என்று கேட்டால் பெற்றோர் என்ன விடை கூறுவது? ஓவியமும் திரைப்படமும் இப்பொருளை எவ்வாறு கையாண்டன என்பதைச் சற்று ஆராய்வோம்.

பிரான்சு நாட்டின் ஆஞ்சே நகரக் கோட்டையில், திருவெளிப்பாட்டு நூல் முழுவதையும் சித்திரிக்கும் மாபெரும் திரைச்சீலை ஒன்று உண்டு. அஞ்சு நாட்டுக் கோமகன் முதலாம் லூயியின் கட்டளைப்படி 1375ஆம் ஆண்டளவில் இது நெய்யத் தொடங்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது மட்டுமே 100 மீற்றர் நீளமாகும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இதைத் துண்டு துண்டாக வெட்டி, மரங்களைப் பனியிலிருந்து காக்கும் போர்வையாகக்கூடப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் ஆஞ்சே பேராலயக் குரு ஒருவரின் முயற்சியால் அத்துண்டுகள் மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டன.

இதை நெய்த காலமோ கொடிய காலம். கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடி ஒரு தலைமுறைதான் கழிந்திருந்தது. இங்கிலாந்துடன் நூறாண்டுப் போரும் நடந்துகொண்டிருந்தது. ஆகவே குதிரைமீது வரும் சாவையும், பல தலைகொண்ட பறவைநாகத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அங்கே நிறுத்திவிடவும் இல்லை. பல காட்சிகளில் புனித அருளப்பர் ஓரத்தில் நின்று அனைத்தையும் பார்க்கிறார். இறுதியில் அவர் காண்பது சாம்பலை அன்று, விண்ணிலிருந்து இறங்கிவரும் புதிய எருசலேமை.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957இல் ‘ஏழாவது முத்திரை’ என்ற படத்தை வெளியிட்டார். சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வீரன் ஒருவன், கொள்ளைநோய் பரவிய தன் நாட்டில் சாவோடு சதுரங்கம் ஆடுகிறான். கடவுள் ஏன் பேசவில்லை என்பதே அவனது வேதனை. படத்தின் பெயர் திருவெளிப்பாடு 8ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது: ஏழாம் முத்திரை உடைந்ததும் விண்ணகத்தில் அரை மணி நேரம் அமைதி நிலவுகிறது. ஆயினும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். அந்த அமைதிக்குப் பின், இறைமக்களின் மன்றாட்டுகள் தூபப் புகையோடு கடவுள் திருமுன் எழுகின்றன. கடவுளின் மௌனம் வெறுமை அன்று. அவர் செவிசாய்க்கும் நேரம். அவ்வீரனும் இறுதியில் காய்களைத் தட்டிவிட்டுச் சாவின் கவனத்தைத் திருப்பி, ஏழைக் கூத்தாடி ஒருவனின் குடும்பம் தப்பிச்செல்ல வழிசெய்கிறான். முடிவு நெருங்குகையில் செய்யத்தக்கது அன்புச் செயலே என்பதை இது உணர்த்துகிறது.

2009இல் வெளிவந்த ‘2012’ என்ற அமெரிக்கப் படம் வேறுவகை. மாயா நாட்காட்டியைச் சுற்றி எழுந்த வதந்தியைப் பற்றிக்கொண்டு அது நகரங்களை வீழ்த்தியது. 2012ஆம் ஆண்டு வந்தது, போனது, உலகம் நிலைத்தது. அந்நாளையும் நேரத்தையும் தந்தையன்றி வேறெவரும் அறியார் என்று நம் ஆண்டவர் முன்னரே கூறிவிட்டார்.

துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தேற்றவே திருவெளிப்பாடு எழுதப்பட்டது. பாதியில் மூடுபவருக்கு அது அச்சம். இறுதிவரை வாசிப்பவருக்கு ஆறுதல். எனவே பெற்றோரே, இன்றிரவு குடும்ப செபத்தின்போது அதன் 21ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். கண்ணீரைத் துடைக்கும் கடவுளே கடைசிக் காட்சியில் நிற்கிறார் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.