கொதிக்க வைத்ததால் மறைந்த மருந்து

மாணவ நண்பர்களே, ஒரு மூலிகை நோயைத் தீர்க்கிறதா என்று எப்படி அறிவது? கஷாயம் வைத்து நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாம் அல்லவா?

ஆகவே முதலில் சுண்டெலிகளை இரு கூட்டமாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மலேரியா ஒட்டுண்ணியைச் செலுத்துகிறார்கள். (இது எலிகளைத் தாக்கும் வகை.) ஒரு கூட்டத்திற்கு மட்டும் மூலிகைச் சாறு கொடுக்கிறார்கள். சில நாள் கழித்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். சாறு பெறாத எலிகளில் 100 சிவப்பணுக்களுக்கு 40-இல் ஒட்டுண்ணி இருக்கிறது, சாறு பெற்றவற்றில் 10-இல்தான் என்று வைத்துக்கொள்வோம். 40-இல் 30 குறைந்துவிட்டது. அதாவது 75 விழுக்காடு தடுப்பு.

சீனாவில் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். குளோரோகுயின் மருந்துக்கு மலேரியா ஒட்டுண்ணி அடங்காமல் போன காலம் அது. 1967-இல் சீன அரசு இரகசியமாக ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1969-இல் அதில் சேர்ந்த டூ யூயூ என்ற அம்மையார், பழைய ஏடுகளிலிருந்து 2,000-க்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். அவருடைய குழு சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளுக்கு மேல் எடுத்துச் சோதித்தது. அவற்றுள் சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒரு முறை 68 விழுக்காடு தடுத்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறுபடி செய்தபோது 12 முதல் 40 விழுக்காடுதான்!

செடியைக் கைவிட்டிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்திருப்பார்கள். டூ யூயூ ஏட்டுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்ற மருத்துவர், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. அப்படியானால் சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ? நீருக்குப் பதிலாக ஈதரைக் கரைப்பானாக்கினார்கள். ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே அதை நீக்கப் பெருஞ்சூடு வேண்டாம். சாற்றில் நச்சுத்தன்மை உள்ள அமிலப் பகுதியையும் பிரித்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆம் எண் சாறு எலிகளில் 100 விழுக்காடு தடுத்தது.

அடுத்து மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும். 1972-இல் டூ யூயூவும் சக ஆய்வாளர் இருவரும் அதை முதலில் தாங்களே உட்கொண்டு, தீங்கில்லை என்று கண்டார்கள். பிறகே 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், குணம் தெரிந்தது. அவ்வாண்டே அதன் மருந்துப்பொருள் படிகமாகக் கிடைத்தது. அதுதான் ஆர்ட்டிமிசினின். இதற்காக 2015-இல் டூ யூயூ நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைந்துள்ளன. ஒட்டுண்ணி நமது ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்பு வெளிப்படுகிறது. அந்த இரும்பு பாலத்தை உடைக்க, பிறக்கும் துண்டுகள் ஒட்டுண்ணியையே தாக்குகின்றன!

பூச்சரத்தில் மணக்கும் மரிக்கொழுந்து இச்செடிக்கு உறவு. அதற்காக அதுவும் மலேரியாவுக்கு மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அதையும் எலிகளிடமிருந்தே தொடங்க வேண்டும்.