வலி போச்சுன்னா வைத்தியம் வேலை செஞ்சுதுன்னு அர்த்தமா?



நம் வீடுகளில் தாத்தா, பாட்டி யாருக்காவது முழங்கால் வலி இருக்கும். "இந்தத் தைலம் தேய்ச்சேன், பத்தே நாள்ல போயிடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். உடனே நாமும் வாங்க ஓடுவோம். ஓடும் முன் கொஞ்சம் யோசிப்போமா?

மூட்டில் என்ன நடக்கிறது?

மூட்டில் சேரும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் தேய்ந்தால் எளிதில் ஆறாது. வயதானவர்களுக்கு வரும் வலிக்கும் விறைப்புக்கும் பெரும்பாலும் இந்தத் தேய்மானமே காரணம்.

வலி ஏன் குறைகிறது?

1. தேய்மான வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாதபோதுதான் வைத்தியம் தேடுகிறோம். அதன்பின் ஒண்ணும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். பேர் மட்டும் தைலத்துக்கு!

2. சுளுக்கு போன்றவை நாளானால் தானே ஆறும்.

3. "சரியாயிடும்" என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். அதற்காக, வலி பொய் என்று நினைக்காதீர்கள். வலியை உணர்வது மூளை. அது நம் எதிர்பார்ப்பையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது.

4. மருந்து நிஜமாகவே வேலை செய்திருக்கலாம்.

இந்த நாலில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஹூஸ்டன் சோதனை

தேய்ந்த முழங்காலில் சிறு துளை போட்டு, உள்ளே கழுவிச் சுரண்டிச் சுத்தம் செய்வது ஒரு ஆபரேஷன். பெயர் ஆர்த்ராஸ்கோப்பி. பலர் "வலி குறைஞ்சுது" என்றார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் புரூஸ் மோஸ்லி குழுவினர் இதைச் சோதித்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது.

180 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கழுவ மட்டும் செய்தார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். கழுவும் சத்தம் கேட்கத் தண்ணீரைக்கூடத் தெளித்தார்களாம்! போலி ஆபரேஷனும் கிடைக்கலாம் என்று முன்பே சொல்லி, எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். யாருக்கு எது என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கவனித்தார்கள். மூன்று குழுவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான்! 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மருத்துவ வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே சொன்னது.

அப்போ ஆபரேஷனே கூடாதா?

அப்படி இல்லை. டென்மார்க்கில் 100 பேரை ஒப்பிட்ட சோதனை 2015-ல் வெளிவந்தது. மூட்டு மாற்று ஆபரேஷனும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு, பயிற்சி, மாத்திரை போன்றவை மட்டும் பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். ஆபரேஷன் இல்லாதவர்களுக்கும் ஓரளவு குணம் தெரிந்தது. தொடை, முழங்கால் தசைகளுக்கான பயிற்சியும், அதிக எடையைக் குறைப்பதும் தேய்மானத்துக்குப் பலன் தருபவை என்று பல ஒப்பீடுகளில் தெரிந்திருக்கிறது. செலவும் குறைவு!

யார் எந்த வைத்தியம் சொன்னாலும் கேளுங்கள்:

* எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?
* எத்தனை பேரிடம், எத்தனை நாள் பார்த்தார்கள்?
* பக்கவிளைவு என்ன?
* சொல்பவரே விற்பவரா?

எச்சரிக்கை! லேபிள் இல்லாத "மூட்டுவலிப் பொடி" வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. வலி சட்டென்று போகும். ஆனால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். பல நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, அடிபட்டுக் காலை ஊன்ற முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்!

"எங்கள் தைலம் தேய்த்த 100 பேரில் 70 பேருக்கு வலி குறைந்தது" என்று ஒரு விளம்பரம். தைலம் நல்லதா, இல்லையா? முடிவு சொல்ல இன்னும் ஒரு எண் வேண்டும். அது எந்த எண்? எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.