கடவுள் நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும்



பரிணாமப் பாடம் நடக்கும் வகுப்பில் ஒரு வினா எழுவதுண்டு. சில சமயம் யாரேனும் எழுந்து நின்று கேட்பார்கள். பல சமயம் அது மனத்துக்குள்ளேயே தங்கிவிடும். “கடவுளை நம்புகிற ஒருவர் இந்தக் கொள்கையையும் ஏற்க முடியுமா?” என்பதுதான் அவ்வினா. முடியாது என்று எண்ணும் சிலர், பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகின்றனர். முடியாது என்றே எண்ணும் வேறு சிலர், வீட்டிலுள்ள பெரியவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கத் தொடங்குகின்றனர். முன்னவருக்கு இழப்பு ஓர் அறிவியல். பின்னவருக்கு இழப்பு வீட்டாரின் அன்பு. ஆகவே இது பொறுமையாக ஆராயத்தக்க வினா.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஒரு கூற்றைக் கேட்டால், “இதைச் சோதிக்க வழி உண்டா?” என்று கேட்பது எங்கள் துறையின் வழக்கம். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வினாவோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் அறிஞரைச் சந்திப்போம்.

கிரேவுக்கு வந்த கடிதம்

அவர் பெயர் ஆசா கிரே (1810–1888). அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். 1857 செப்டம்பர் 5 அன்று, இங்கிலாந்திலிருந்து சார்லஸ் டார்வின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவரை டார்வின் அச்சில் வெளியிடாத கொள்கை ஒன்றின் சுருக்கம் அதில் இருந்தது. இதைப் பிறரிடம் கூறவேண்டா என்ற வேண்டுகோளும் இருந்தது.

அக்கொள்கையை நீங்கள் அறிவீர்கள். உயிர்கள் தாம் வாழக்கூடிய எண்ணிக்கையைவிட மிகுதியாகப் பெருகுகின்றன. ஓரினத்தின் உயிர்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை பிழைத்து, அவ்வேறுபாட்டைத் தம் சந்ததிக்கும் அளிக்கின்றன. இந்த இயற்கைத் தேர்வு நெடுங்காலம் நடைபெறும்போது புதிய இனங்கள் தோன்றுகின்றன. 1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், வாலஸ் இருவர் கருத்துகளும் முதன்முதலாகப் படிக்கப்பட்டன. அப்போது கிரேவுக்கு எழுதிய கடிதத்தின் பகுதியும் சேர்த்தே படிக்கப்பட்டது.

செடிகள் சொன்ன சான்று

இக்கொள்கையை ஏற்பதற்குக் கிரேவிடம் சொந்தச் சான்று ஒன்று இருந்தது. ஜப்பானில் சேகரிக்கப்பட்ட செடிகளை அவர் ஆராய்ந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். மக்னோலியா, ஜின்செங் போன்றவற்றின் நெருங்கிய உறவினங்கள் கிழக்கு ஆசியாவில் உள்ளன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் உள்ளன. ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட மேற்கு அமெரிக்காவில் அவை இயற்கையாக வளர்வதில்லை! (நம் ஊர்ச் செண்பகமும் மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்ததே.)

ஏன் இப்படி? ஒரு காலத்தில் வடபகுதி முழுவதும் ஒரே காடு பரவியிருந்தது. பனியுகத்தின் குளிர் அதைத் தெற்கே தள்ளித் துண்டாக்கியது. பிரிந்த செடிகள் தனித்தனியே மாறின என்று 1859-இல் கிரே விளக்கினார். பிரிந்த காலத்தைப் பிற்கால ஆய்வுகள் திருத்தியுள்ளன. ஆனால் பொது மூதாதையரிலிருந்து பிரிந்தவை என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது.

இவ்விளக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர் அதே ஹார்வர்டில் பணியாற்றிய லூயி அகாசி. ஒவ்வோர் இனமும் கடவுளின் தனித்தனிச் சிந்தனை. அது இருக்கும் இடத்திலேயே தனியாகப் படைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பனியுகம் என்ற கருத்தை 1837-இல் எடுத்துக்கூறி உலகறியச் செய்தவரே இந்த அகாசிதான்! அவர் 1873-இல் இறக்கும்வரை பரிணாமத்தை ஏற்கவில்லை.

இங்கே கவனியுங்கள். இருவரும் கடவுளை நம்பியவர்கள். இருவரும் சிறந்த அறிவியலறிஞர்கள். ஒருவர் ஏற்றார், மற்றவர் மறுத்தார். எனவே கடவுள் நம்பிக்கை மட்டுமே ஒருவர் பரிணாமத்தை மறுப்பாரா, ஏற்பாரா என்பதை முடிவு செய்துவிடவில்லை என்பது தெளிவு.

நண்பர்களுக்குள் ஒரு வழக்கு

டார்வினின் நூலுக்கு அமெரிக்காவில் வலுவான ஆதரவு தேடித் தந்தவர் கிரே. 1860-இல் அவர் எழுதிய கட்டுரைகளை, மறு ஆண்டே டார்வின் சிறுநூலாக அச்சிடச் செய்து பலருக்கும் அனுப்பினார். இயற்கைத் தேர்வு, இறைநம்பிக்கைக்கு முரணானதன்று என்பதே அச்சிறுநூலின் வாதம். ஆயினும் அதில் ஒரு பகுதியை டார்வினால் ஏற்க இயலவில்லை. உயிர்களில் தோன்றும் வேறுபாடுகளே நன்மையான திசையில் இறைவனால் செலுத்தப்படுகின்றன என்று கிரே கருதினார்.

1868-இல் வெளியிட்ட நூலில் டார்வின் ஓர் உவமையால் விடை கூறினார். மலைச்சரிவிலிருந்து உடைந்து விழுந்த கற்களைக் கொண்டு ஒருவர் வீடு கட்டுகிறார். வளைவுக்கு ஆப்பு வடிவக் கல்லையும், வாயில் உத்திரத்துக்கு நீண்ட கல்லையும் தேர்ந்தெடுக்கிறார். கற்கள் அவ்வடிவங்களைப் பெற்றதற்கு இயற்கைக் காரணங்கள் உண்டு. ஆனால் அவை அந்த வீட்டுக்காகவே அவ்வாறு உடைந்தன என்று கூற முடியுமா? கட்டுநர் என்பது இயற்கைத் தேர்வு. கற்கள் என்பவை வேறுபாடுகள்.

சோதனைக் குழாயில் தீர்ப்பு

வழக்கை எப்படித் தீர்ப்பது? இருவர் காலத்திலும் வழி இல்லை. வழி கண்டவர்கள் சால்வடோர் லூரியா என்ற மருத்துவரும், மாக்ஸ் டெல்புரூக் என்ற இயற்பியலறிஞரும்; ஆண்டு 1943.

பாக்டீரியாக்களைக் கொல்லும் வைரஸ்கள் உண்டு. அவற்றுக்கு ஈடுகொடுக்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துவிடும். அந்த எதிர்ப்பாற்றல், ஆபத்தைக் கண்ட பிறகு தேவைக்காகத் தோன்றுகிறதா? அல்லது தேவையைப் பாராமல் முன்பே சிலவற்றில் தோன்றிவிடுகிறதா? பல குழாய்களில் பாக்டீரியாக்களைத் தனித்தனியே வளர்த்து, பிறகு வைரஸுக்கு உட்படுத்தி, பிழைத்தவற்றை எண்ணினர்.

தேவைக்காகத் தோன்றினால், எல்லாக் குழாய்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு பிழைக்க வேண்டும். முன்பே தற்செயலாகத் தோன்றினால், நிலை வேறு. ஒரு குழாயில் தொடக்கத்திலேயே சடுதி மாற்றம் நிகழ்ந்தால், அதன் சந்ததி இருமடங்கு இருமடங்காகப் பெருகிப் பெருங்கூட்டமாகிவிடும். வேறொரு குழாயில் ஒன்றுமே இராது. பணம் போட்டு விளையாடும் சூதாட்டப் பொறியைப் போல! உண்மையில், அத்தகைய பொறி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லூரியாவுக்கு இந்த எண்ணம் உதித்தது.

முடிவு என்ன? பல குழாய்களில் சுழி, சிலவற்றில் ஓரிரண்டு, ஒரு சிலவற்றிலோ நூற்றுக்கு மேல். எதிர்ப்பாற்றல் தரும் மாற்றங்கள் தேவையைப் பார்த்துத் தோன்றுவதில்லை என்பது விளங்கியது. உடைந்த கற்கள் வீட்டை நோக்கி உடையவில்லை.

எது வீழ்ந்தது? எது நின்றது?

இப்போது நம் கேள்வியைப் பயன்படுத்துவோம். வேறுபாடுகள் உயிரின் தேவைக்கேற்பத் திசை திருப்பப்படுகின்றன என்றால், அது சோதிக்கத்தக்க கூற்று, சோதனையில் தோற்றது. ஆனால் தற்செயலும் விதியும் கலந்த இவ்வுலகம் முழுவதற்கும் ஆதாரமாக ஓர் இறைவன் இருக்கிறான் என்பது எந்தக் குழாயிலும் சோதிக்கத்தக்கதன்று. ஆய்வகம் அதை மெய்ப்பிக்கவும் இல்லை; பொய்ப்பிக்கவும் இல்லை.

இயற்பியலிலும் இது நடந்திருக்கிறது. கோள்களின் பாதையில் நாளடைவில் சேரும் பிறழ்வைச் சீராக்க இறைவனின் கை தேவைப்படும் என்று நியூட்டன் கருதினார். வியாழன், சனி ஆகியவற்றின் பிறழ்வுகளில் முக்கியமான ஒன்று, ஈர்ப்பு விதியின்படியே கூடிக் குறைவது என்று 1785-இல் லாப்லாஸ் காட்டினார். கடவுளை நம் அறியாமையின் இடைவெளியில் நிறுத்தினால், இடைவெளி அடைபடும்போதெல்லாம் அவருக்கு இடம் குறைகிறது. இதை முதலில் உணரவேண்டியவர்கள் நம்பிக்கை உடையவர்களே.

எல்லா நம்பிக்கைகளும் பரிணாமத்தோடு ஒத்துப்போகுமா? போகா. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று ஒருவர் வலியுறுத்தினால், அது நேரடி மோதல். கதிரியக்க முறையில் கணக்கிட்ட வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இத்தகைய படைப்புக் கருத்துகளையும் அறிவியலாகப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென 1981-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதற்பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. வேறு பல சமயத் தலைவர்களும் உடன் இருந்தனர். 1982 ஜனவரியில் நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது.

மற்றொரு சிக்கலையும் மறைக்கலாகாது. உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவிகள் உண்டு. குஞ்சுகள் அப்புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அன்புள்ள இறைவன் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்று 1860-இல் டார்வின் கிரேவிடம் கேட்டார். இதற்கு எந்த ஆய்வகமும் விடை தராது. நம்பிக்கை உடையவர்கள் தாமே சிந்தித்துச் சுமக்கவேண்டிய கேள்வி இது. டார்வினின் நம்பிக்கை தளர்ந்தது. கிரேயின் நம்பிக்கை நிலைத்தது. இருவர் முன்னும் இருந்த சான்றுகள் ஒன்றே.

தம்மை ஐயவாதி என்று கூறிக்கொண்ட டார்வின், ஒருவர் கடவுளை உறுதியாக நம்பிக்கொண்டே பரிணாமத்தையும் ஏற்கலாம் என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் சுட்டியவர்களுள் ஒருவர் ஆசா கிரே. அதற்கு ஈராண்டு முன்பு, மலர்களைப் பற்றிய தம் நூல் ஒன்றைக் கிரேவுக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

மாணவர்களே! உங்கள் நம்பிக்கை என்னவாக இருக்க வேண்டும் என்று கூறும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஒன்றை வேண்டுகிறேன். பரிணாமப் பாடத்தை, அச்சமின்றி, சான்றுகளோடு முழுமையாகப் படியுங்கள். வீட்டில் யாரேனும் மாறுபட்டால், கிரேயும் டார்வினும் கடிதம் எழுதிக்கொண்டது போல மரியாதையோடு பேசுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும், “இதைச் சோதிக்க வழி உண்டா?” என்ற கேள்வியை இருவருமாகக் கேட்டுப் பாருங்கள்.