நாவலும் திரைப்படமும்: 'பிரைட்டன் ராக்' பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

நாவலொன்று திரைப்படமாக மாறுங்கால், 'கதையைக் கெடுத்துவிட்டனர்' என்று நூலைப் படித்தோர் குறைகூறுவர். 'படம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று நூலைப் படியாதோர் மறுமொழி கூறுவர். இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. நூலுக்குப் படம் உண்மையாயிருத்தல் என்பது யாது? நிகழ்ச்சிகளை ஒன்று விடாமற் காட்டுதலா? ஆசிரியன் எழுதிய சொற்களை அவ்வாறே நடிகர் வாயில் வைத்தலா? அன்றி, இவற்றினும் ஆழமான பிறிதொன்றா? இதனைத் தெளிவதற்குப் பல நூல்களை மேலோட்டமாகப் பார்ப்பதினும், ஒரு நூலையும் அதன் படத்தையும் அருகருகே வைத்து ஆராய்வது நலமென எண்ணினோம்.

கிரஹாம் கிரீன் 1938-இல் வெளியிட்ட 'பிரைட்டன் ராக்' என்னும் நாவலும், 1947-இல் ஜான் போல்டிங் இயக்க, அவர்தம் இரட்டைச் சகோதரர் ராய் போல்டிங் தயாரித்த அதே பெயருடைய பிரிட்டிஷ் படமும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றைத் தேர்ந்ததற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. இப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் இருவர்: ஒருவர் நாடகாசிரியர் டெரன்ஸ் ராட்டிகன், மற்றவர் நாவலாசிரியராகிய கிரீனே. ஆகவே, மாற்றங்களுக்கெல்லாம் நூலறியாத பிறரைக் குற்றஞ்சாட்டித் தப்ப இயலாது. மேலும், கிரீன் 1930-ஆம் ஆண்டுகளில் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் சினிமா விமரிசனம் எழுதி வந்தவர். திரையின் ஆற்றலும் அதன் குறையும் அவர் அறியாதன அல்ல.

கதைச் சுருக்கம்

பிரைட்டன் என்பது இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கடற்கரை நகரம். விடுமுறை நாட்களில் லண்டன் மக்கள் திரளாகச் செல்லும் இடம். அங்கு விற்கப்படும் கெட்டியான சர்க்கரைக் குச்சி மிட்டாயே நூலின் தலைப்பிலுள்ள 'ராக்'. அம்மிட்டாயை எவ்விடத்திற் கடித்தாலும், உள்ளே ஊரின் பெயர் எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும். மனிதரும் அவ்வாறே மாறாதவர் என்பது கதையில் வரும் ஐடா என்பவளின் கொள்கை.

ஹேல் என்பவன் செய்தித்தாள் ஒன்றின் ஊழியன். 'கோலி கிப்பர்' என்ற புனைபெயரோடு ஊர் ஊராய்ச் சென்று ஆங்காங்கே சீட்டுக்களை மறைத்து வைப்பதும், கண்டெடுப்போர்க்குப் பத்திரிகை பரிசளிப்பதும் விளம்பர ஏற்பாடு. குதிரைப் பந்தயத் தரகரை அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று, தன் தலைவனாயிருந்த கைட்டின் சாவுக்கு ஹேலைப் பொறுப்பாக்கி, அவனைப் பிரைட்டனிற் கொல்லுகின்றது. கும்பலின் புதிய தலைவன் பிங்கி, வயது பதினேழே. கொலை பிந்தி நிகழ்ந்தது போலத் தோன்றுமாறு, கும்பலைச் சேர்ந்த ஸ்பைசர், ஹேலின் சீட்டுக்களில் ஒன்றை உணவு விடுதியொன்றில் வைத்துவிட்டு வருகிறான். அங்குப் பணிசெய்யும் ரோஸ் என்னும் ஏழைப்பெண், சீட்டை வைத்தவன் பத்திரிகையிற் படம் வந்த ஹேல் அல்லன் என்பதை நினைவிற் கொண்டிருக்கிறாள். அவள் சாட்சி சொல்லாதபடி தடுக்கவே பிங்கி அவளை மணக்கிறான். அவளோ உண்மையாகவே அவனைக் காதலிக்கிறாள். ஹேலோடு சிறிது நேரமே பழகிய ஐடா ஆர்னால்டு, அவன் சாவில் ஐயமுற்று, விடாது துப்புத் துலக்குகிறாள். இதுவே கதையின் எலும்பு.

நாவலின் உட்பொருள்

துப்பறியுங் கதையாகவே தொடங்கிய இந்நூல், எழுத எழுத வேறொன்றாக வளர்ந்தது. பிங்கியும் ரோஸும் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தோர். நன்மை, தீமை, மோட்சம், நரகம் என்பன அவ்விருவர்க்கும் கண்முன் நிற்கும் உண்மைகள். பிங்கிக்கு மோட்சத்தினும் நரகத்திலேயே உறுதியான நம்பிக்கை. கோயிலுக்குப் புறம்பே பதிவுத் திருமணஞ் செய்துகொள்வது சாவான பாவம் என்று தெரிந்தே இருவரும் அதனைச் செய்கின்றனர். ஐடாவுக்கு இவை ஒன்றும் தெரியா. 'இது சரி, இது தவறு' என்ற உலகியல் வழக்கே அவள் வேதம். கொலைகாரனைப் பிடித்தல் சரி, அவ்வளவே. அவள் கூறுவன யாவும் நியாயமாயிருப்பினும், ரோஸின் உள்ளத்தை அவை சிறிதும் தொடுவதில்லை. சரியும் தவறும் வேறு, நன்மையும் தீமையும் வேறு என்னும் இவ்வேறுபாடே நாவலின் உயிர்.

சொல்லும் காட்சியும்

இத்தகைய உட்பொருளைத் திரை எங்ஙனம் ஏற்கும்? நாவலாசிரியன் பாத்திரத்தின் நெஞ்சினுள் நுழைந்து, அங்கு ஓடும் எண்ணத்தை நேரே எழுதிவிடலாம். காமிராவோ முகத்துக்கு வெளியே நின்றுவிடும். நாவலின் கதைகூறும் குரல் பிங்கியைப் பலகாலும் 'அச்சிறுவன்' என்றே சுட்டுகின்றது. அச்சொல் வருந்தோறும், கொலை செய்தவன் இன்னும் குழந்தைப் பருவம் நீங்காதவன் என்ற திடுக்கீடு படிப்பவர்க்கு உண்டாகும். படத்திற் கதைகூறும் குரல் இல்லை. ஆகவே, ஒரு சொல் செய்த பணியை நடிகரின் முகமே செய்தல் வேண்டும்.

அப்பணியை ஏற்றவர் ரிச்சர்ட் ஆட்டன்பரோ. பின்னாளில் 'காந்தி' (1982) படத்தை இயக்கியவரும் அவரே. 1943-இல் ஃபிராங்க் ஹார்வி இந்நாவலை நாடகமாக்கியபோது லண்டன் மேடையில் பிங்கியாக நடித்துப் பழகியிருந்தார். படம் வெளிவந்த காலத்தில் அவர்க்கு வயது இருபத்து நான்கு. எனினும் முகம் பாலகன் முகம். அவர் உரக்கப் பேசுவதில்லை, கண்ணிமைப்பதும் அரிது. விரல்களிற் கயிற்றைக் கோத்து, சிறுபிள்ளைகள் ஆடும் நூல் விளையாட்டைத் தனியே ஆடிக்கொண்டிருக்கிறார். அக்கயிறு விளையாட்டுப் பொருளுமாம். கழுத்தை இறுக்கும் கருவியுமாம். 'அச்சிறுவன்' என்ற சொல்லுக்கு இஃது ஏற்ற ஈடு.

ஹேலின் சாவும் இவ்வாறே உருமாறியது. நாவலில் அக்கொலையை ஆசிரியர் காட்டவேயில்லை. கடற்பாலத்தருகே ஐடா சற்றே அகன்று திரும்புமுன் ஹேலைக் காணோம். நிகழ்ந்ததைப் பின்வருங் குறிப்புக்களாலேயே ஊகிக்கிறோம். படமோ, பிரைட்டனின் மெய்யான தெருக்களில், விடுமுறைக் கூட்டத்தினூடே ஹேல் துரத்தப்படுவதை நெடுகக் காட்டுகின்றது. இறுதியில் அவன் கடற்பாலத்தில் ஓடும் 'பேய் ரயில்' என்னும் கேளிக்கை வண்டியில் ஏறுகிறான். பிங்கியும் உடன் ஏறுகிறான். இருளில் கொலை நிகழ்கின்றது. பொய்ப் பேய்களைக் கண்டு பிறர் மகிழ்ந்து கூவும் இடத்தில் மெய்யான அச்சம் புகுந்துவிடுகின்றது. களிப்பின் அடியில் நரகம் கிடக்கின்றது என்னும் நூலின் கருத்து, ஒரு சொல்லுமின்றி இங்குக் காட்சியாகின்றது. நிகழ்ச்சி மாறியும் பொருள் மாறவில்லை.

இழந்தன சில

எல்லா மாற்றமும் இவ்வாறு பலித்ததென்று கூறுதல் நடுநிலைமையாகாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய படத்தில், பிங்கியின் சமயச் சிந்தனைக்கு இடம் சிறிதே கிடைத்தது. ஐடாவும் மாறினாள். நாவலில் அவளது நேர்மையே ஒருவகைக் குருட்டுத்தனமாகக் காட்டப்படுகின்றது. அவள் வெல்லும்போதும் நமக்கு முழு மகிழ்ச்சி பிறவாது. படத்தில் ஹெர்மியோன் பாட்லி நடித்த ஐடா, கடற்கரைக் கேளிக்கைக் குழுவிற் பாடும் ஆரவாரப் பெண். அவளைக் கண்டு நகைத்து, அவள் வெற்றியை வரவேற்கிறோம். நியாயத்தையே ஐயுற வைத்த நூலின் கூர்மை இதனால் மழுங்கிற்று.

படத்தின் தொடக்கத்தில் முன்னெச்சரிக்கை வாசகம் ஒன்றும் திரையில் வருகின்றது. இக்கதையிற் காணும் குற்றமும் சேரியும் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தன. இன்றைய பிரைட்டன் மகிழ்ச்சியான நகரம் என்பது அதன் கருத்து. ஊராரின் மனம் நோவாதிருக்க இஃது உதவியிருக்கலாம். ஆயின், தீமை ஓர் ஊருக்கோ காலத்துக்கோ உரியதன்று என்பது நாவலின் துணிபு. வாசகமோ அதனைப் பழங்கதையாக்கிவிடுகின்றது.

இசைத்தட்டின் செய்தி

இனி, பெரிதும் வாதிடப்படும் இடமாகிய முடிவுக்கு வருவோம். கடற்கரையில், காசு செலுத்தித் தம் குரலைத் தட்டிற் பதிந்துகொள்ளும் கண்ணாடிக் கூண்டு ஒன்றுண்டு. கணவன் குரலைத் தட்டில் வைத்துக்கொள்ள ரோஸ் ஆசைப்படுகிறாள். பிங்கி கூண்டினுள் நுழைந்து, அவளை வெறுப்பதாகக் கொடுஞ்சொற்களைப் பதிவு செய்கிறான். படத்தில் இக்காட்சி நெஞ்சைப் பிளப்பது: உள்ளே அவன் வெறுப்பை உமிழ்கிறான், கண்ணாடிக்கு வெளியே, ஒன்றும் கேளாத ரோஸ் அன்பு ததும்ப அவனை நோக்கி நிற்கிறாள். இரண்டையும் ஒரே கணத்தில் காணும் பேறு, அன்றேல் துன்பம், திரையைக் காண்போர்க்கே உரியது.

நாவலின் இறுதியில் பிங்கி மலைச்சரிவின் விளிம்பைக் கடந்து வீழ்ந்து மடிகிறான். ரோஸ் முதியதொரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்கிறாள். அவனோடு நரகம் புகாமற் போனேனே என்பதே அவள் வருத்தம். கடவுளின் இரக்கம் மனித அறிவுக்கு எட்டாதது என்கிறார் குரு. அவன் உன்னை நேசித்திருந்தால், அவனிடத்தும் நன்மை இருந்ததென்று பொருள் என்றும் ஆறுதல் கூறுகிறார். அந்நேசத்துக்குச் சான்று தன் அறையிலுள்ள தட்டில் இருப்பதாக நம்பி, அதனைக் கேட்கப் புறப்படுகிறாள் ரோஸ். அங்குக் காத்திருப்பது யாதென்பதை நாம் அறிவோம், அவள் அறியாள். நாவல் அத்துடன் நின்றுவிடுகின்றது.

படத்தில் பிங்கி இரவில் கடற்பாலத்திலிருந்து வீழ்ந்து இறக்கிறான். குருவின் இடத்தில் கன்னியாஸ்திரீ ஒருவர் ரோஸுக்கு ஆறுதல் கூறுகிறார். ரோஸ் தட்டை இயக்குகிறாள். 'நான் உன்னைக் காதலிப்பதாகச் சொல்லவேண்டுமென்று விரும்புகிறாய்' என்னும் பொருள்பட அவன் தொடங்கியிருந்தான். தட்டிலுள்ள கீறலில் ஊசி சிக்கி, காதலிக்கிறேன் என்ற அளவிலேயே குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. காமிரா சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தை நோக்கி நகர, படம் முடிகின்றது.

இது கோழைத்தனமான இனிப்பு முடிவென்று இகழ்ந்தோர் பலர். கிரீனோ பின்னாளில் இதற்கு விளக்கங் கூறினார். இன்பமுடிவு வேண்டுவோர் இதனை இன்பமுடிவாகக் கொள்ளலாம். சிந்திப்போரோ, அடுத்த முறை ரோஸ் ஊசியைக் கீறலுக்கு அப்பால் நகர்த்தி முழுவதையும் கேட்பாள் என்பதை உணர்வர் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

எம் கருத்தில் இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. அமைப்பை நோக்கின், படம் நூலுக்கு உண்மையாகவே இருக்கின்றது. நாவல் அக்கொடுமைக்கு ஓரடி முன்னே நின்றது. படமும் ஓரடி முன்னேதான் நிற்கின்றது. தட்டின் எஞ்சிய பகுதியை நாம் முன்னரே கேட்டிருத்தலால், ரோஸின் புன்னகையைக் காணுந்தோறும் நம் நெஞ்சு நடுங்குகின்றது. அக்கீறல் வெறும் தற்செயலா, அன்றி அறிவுக்கு எட்டாத இரக்கத்தின் செயலா என்ற வினாவும் எழுகின்றது. குருவானவர் நாவலில் எழுப்பியது இதனையே. ஆயினும், இழப்பும் உண்டு. நாவலின் ரோஸ் தன் கால்களால் உண்மையை நோக்கி நடக்கிறாள். அவளை எவரும் குழந்தையாக நடத்தவில்லை. படத்தின் ரோஸிடமிருந்து உண்மை மறைக்கப்படுகின்றது. பொய்யின்மேல் நிற்கும் ஆறுதல் மெய்யான ஆறுதலாகுமா? மரணப் படுக்கையருகிலும், துயரச் செய்தி கொண்டு செல்லும் வாயிலிலும், நம்மில் ஒவ்வொருவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினாவே இது. படம் இதற்கு விடை கூறவில்லை. கேட்கும்படி நம்மை விட்டுச் செல்கின்றது.

2010-இல் ரோவன் ஜாஃபி கதையை 1964-ஆம் ஆண்டுக்கு நகர்த்தி மீண்டும் படமெடுத்தபோதும், இக்கீறல் விழுந்த தட்டையே முடிவாகக் கொண்டார். நூலில் இல்லாத ஒன்று கதையின் உறுப்பாகவே ஆகிவிட்டமைக்கு இது சான்று.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் நாம் அடைவது யாதெனின், நாவலைப் படமாக்குவோன் காக்கவேண்டுவது நிகழ்ச்சிகளின் வரிசையை அன்று, நூல் எழுப்பும் வினாவை என்பதாம். பேய் ரயில் நூலில் இல்லை. ஆயினும் அது நூலின் பொருளைக் காத்தது. ஐடா நூலில் உண்டு; ஆயினும் திரையில் அவள் பொருள் குன்றிற்று. ஆகவே, இனி ஒரு படத்தைக் கண்டு 'இது நூலில் உள்ளபடி இல்லை' என்று கூறுமுன், 'நூல் என்னைக் கேட்டதைப் படமும் கேட்டதா?' என்று மாணவர் தம்மையே வினவிக்கொள்வாராக. 1999-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தொகுத்த சிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களின் வரிசையில் இப்படம் 15-ஆம் இடம் பெற்றது. நூலை முதலிற் படித்து, பின்னர்ப் படத்தைக் காண்போர் இரட்டைப் பயன் பெறுவர் என்பது எம் துணிபு.