ஒரு நிமிட வீடியோவும் ஒற்றைப் படமும்

கேள்வி: காலமான என் அப்பா வாய்விட்டுச் சிரிப்பது அக்கா கல்யாண வீடியோவில் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. ஒரு நிமிடம் ஓடும் அந்த எம்பி4 துண்டு 60 எம்.பி. அதில் ஒரு காட்சியை நிறுத்தி பிஎம்பி படமாகச் சேமித்தால் அது மட்டுமே 6 எம்.பி. வருகிறது. எப்படி? பெரிய கோப்பாக இருப்பதால் பிஎம்பியையே பிரிண்ட் போடக் கொடுக்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: வழக்கமான பிஎம்பி எதையும் சுருக்காது. உங்கள் காட்சி 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம் என்று தெரிகிறது. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நீலம், பச்சை, சிவப்பு என 3 பைட். ஆக, 62 லட்சம் பைட். வெள்ளைச் சுவரை எடுத்தாலும் பட்டுப்புடவையின் ஜரிகையை எடுத்தாலும் இதே அளவுதான். நொடிக்கு 25 படம் வீதம் ஒரு நிமிடத்தை இப்படிச் சேமித்தால் 9.3 ஜி.பி. பிடிக்கும்.

எம்பி4 வெறும் உறை. உள்ளே சுருக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது 2003-இல் வந்த எச்.264 முறை. அது எப்போதாவதுதான் ஒரு முழுப் படத்தை எழுதும். இடைப்பட்ட படங்களில் மாறியதை மட்டும் குறிக்கும். அப்பாவுக்குப் பின்னால் மணமேடை அலங்காரம் அசையவில்லையா, ‘முன்பு இருந்ததே’ என்று முடித்துவிடும். அவர் தலை திரும்பினால், இந்தக் கட்டம் இவ்வளவு நகர்ந்தது என்று எழுதும். இதோடு நிற்பதில்லை. நம் கண் வெளிச்சத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிறத்தைக் கவனிப்பதில்லை என்பதால், நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைக்கும். தோலின் நுண்ணிய வரிகளையும் கொஞ்சம் மழுப்பிவிடும்.

அப்படிப் போனது போனதுதான்; பிஎம்பி ஆக்கினால் திரும்பாது. வீடியோ மிச்சம் வைத்ததைத்தான் அந்த 6 எம்.பி. சுமக்கிறது. அதே புள்ளிகளை ஒன்றுகூடக் குறையாமல் பிஎன்ஜி இன்னும் சிறிய கோப்பில் தரும்; அதில் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், இன்னொரு முறை இழப்பு.

எந்தக் கோப்பு, எந்தக் கணம் என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த பிரதி மறுபடி நசுக்கப்பட்டது. ஸ்டுடியோ கொடுத்த மூலக் கோப்பிலிருந்து எடுங்கள். முகமும் கேமராவும் அசையாத கணமாகப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் முழுக் காட்சியே 6.4-க்கு 3.6 அங்குலம்தான். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் மங்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அன்று புகைப்படம் எடுத்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஆல்பத்தில் சேராத படங்களை அவர் இன்னும் வைத்திருக்கக்கூடும். சுமாரான கேமராவின் புகைப்படத்தில்கூட இந்த வீடியோ காட்சியைவிடப் பல மடங்கு புள்ளிகள் இருக்கும்.